பொய்த் தாளுக்கும் இயற்பியல் உண்டு

செய்தித் தொலைக்காட்சிகளில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். ஏதோ ஒரு வழக்கு, ஏதோ ஒரு ரகசியக் கடிதம். திரையில் ஒரு பழுப்புத் தாள் சுழன்று வந்து நிற்கும். ஓரம் கிழிந்திருக்கும், நடுவில் கசங்கியிருக்கும், மூலையில் வட்டமாக ஒரு டீக்கறை. அதன்மேல் கறுப்பு எழுத்தில் இரண்டு வரி. அதை நிஜத் தாள் என்று யாரும் நம்புவதில்லை; நம்பச் சொல்லி யாரும் கேட்பதும் இல்லை. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கசங்கல் இருக்கிறது, கறை இருக்கிறது, கிழிசலும் இருக்கிறது. பிறகு எதை வைத்து நம் கண் ஒரே நொடியில் அதைப் பொய் என்று தள்ளியது?

அந்தத் தாளில் இல்லாதது காரணம். கசங்கலின் மேடுபள்ளத்தைப் பொருட்படுத்தாமல் எழுத்து நேர்கோட்டில் ஓடுகிறது. கறை பட்ட இடத்தில் தாள் நெளியவில்லை. வெளிச்சம் கசங்கலுக்கு இடப்பக்கமிருந்தும் நிழலுக்கு வலப்பக்கமிருந்தும் வருகிறது. நிஜத் தாளில் உள்ள ஒவ்வொரு அடையாளமும் எப்போதோ நடந்த ஒரு செயலின் விளைவு; கண் தேடுவது அந்தச் செயலைத்தான். போட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ ஒரு தாளை உருவாக்க உட்காருகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, ஒளியியலும் வேதியியலும் கொஞ்சம் வடிவியலும் செய்துகொண்டிருக்கிறார்.

முதலில் வெள்ளையைப் பார்ப்போம். புதிதாக ஒரு கோப்பைத் திறந்தால் மென்பொருள் தரும் பின்னணி முழு வெள்ளை: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255. பட்ட ஒளி அனைத்தையும் திருப்பி அனுப்பும் பரப்பு என்று இதற்குப் பொருள். அப்படியொரு தாள் உலகத்தில் இல்லை. நல்ல அலுவலகத் தாள் ஒளியில் சுமார் 85 சதவீதத்தைத் திருப்பும்; செய்தித்தாள் 60 சதவீதத்தை ஒட்டி. கணினித் திரைகள் பின்பற்றும் எஸ்ஆர்ஜிபி கணக்கில் 85 சதவீதம் என்பது ஏறத்தாழ 237, 60 சதவீதம் என்பது ஏறத்தாழ 203. கறுப்பு மையும் இப்படித்தான். தாளில் அச்சான கறுப்பு 4 சதவீத அளவு ஒளியையாவது திருப்பும். அது 0 அல்ல, 56-க்குப் பக்கம். செய்தித்தாள் மை இன்னும் வெளிறியது, 85-ஐ ஒட்டி நிற்கும். இந்த இரண்டு எண்களை மட்டும் மாற்றினாலே திரையில் உள்ள எழுத்து அச்செழுத்தின் சாயலுக்கு வந்துவிடும். வேறு எந்த ஃபில்டரும் இவ்வளவு குறைந்த உழைப்புக்கு இவ்வளவு பலன் தராது என்பது என் கருத்து.

தாள் வெள்ளையாகத் தெரிவதே ஒரு விநோதம். அதன் மூலப்பொருளான செல்லுலோஸ் வெள்ளை நிறப் பொருளே அல்ல. கண்ணாடிபோல ஒளி ஊடுருவக்கூடியது. ஒரு தாளின் தடிமன் 0.1 மில்லிமீட்டர். அதற்குள் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன, நடுநடுவே காற்று. இழையிலிருந்து காற்றுக்கு, காற்றிலிருந்து இழைக்கு என்று ஒவ்வொரு எல்லையிலும் ஒளி திரும்பிச் சிதறி, எல்லா நிறமும் சமமாக வெளியே வருகிறது. அந்தக் காற்றின் இடத்தில் எண்ணெய் புகுந்தால் கதை மாறும். எண்ணெயின் ஒளிவிலகல் எண் செல்லுலோஸின் எண்ணுக்கு மிக அருகில் இருப்பதால் எல்லைகளே அழிந்ததுபோல் ஆகி, ஒளி தடையின்றிக் கடந்துவிடும். பஜ்ஜி சுற்றிய செய்தித்தாளில் பின்பக்கத்து விளம்பரம் முன்பக்கம் தெரிவது இதனால்தான். ஆகவே எண்ணெய்க் கறை வரைய விரும்புகிறவர் அந்த இடத்தில் வெறுமனே பழுப்பு அடித்தால் போதாது. பின்பக்க எழுத்தை இடவலமாகத் திருப்பி, மங்கலாக, கறை பட்ட பகுதிக்குள் மட்டும் காட்ட வேண்டும்.

இனி பழுப்பு. மரத்தில் செல்லுலோஸ் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பொருள் லிக்னின். ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் கெல்லர் 1840-களில் மரத்தைச் சாணைக்கல்லில் அரைத்துக் கூழாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதனால் செய்தித்தாள் மலிவானது, ஆனால் லிக்னின் முழுவதும் தாளிலேயே தங்கிவிட்டது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் வெயிலின் புற ஊதாக் கதிரும் லிக்னினைத் தாக்கும்போது உண்டாகும் பொருள்கள் நீல ஒளியை விழுங்குகின்றன; நீலம் போனால் மிச்சம் மஞ்சள். இந்தத் தாக்குதல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. மூடிவைத்த புத்தகத்தில் காற்றும் வெளிச்சமும் ஓரங்கள் வழியாகத்தான் நுழையும். அதனால் பக்கத்தின் விளிம்பு பழுத்து, நடு வெளிறியிருக்கும். மேசைமேல் வெயிலில் கிடந்த ஒற்றைத் தாளில் இதற்கு நேர்மாறு: முழுவதும் பழுத்து, மேலே ஏதாவது வைத்திருந்த இடம் மட்டும் அதே வடிவத்தில் வெளுத்திருக்கும். விளிம்பைக் கருக்கும் 'விக்னெட்' ஃபில்டரை எல்லாப் பழைய கடிதங்களுக்கும் போடுகிறவர்கள், கடிதத்தைப் புத்தகத்துக்குள் வைத்துவிடுகிறார்கள்.

புதுத் தாளின் வெண்மையிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. ஆலைகள் இன்று தாளில் ஒளிர்வூட்டும் வேதிப்பொருள்களைக் கலக்கின்றன. அவை கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீல ஒளியாக வெளியே விடும். அதனால் இன்றைய ஏ4 தாளில் மெல்லிய நீலச் சாயல் உண்டு; அதைத்தான் நாம் பளிச்சென்ற வெள்ளை என்கிறோம். இந்த நீலம் ஒரு பெரும் மோசடியையே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. 1983-இல் ஜெர்மனியின் ஷ்டெர்ன் பத்திரிகை, ஹிட்லரின் நாட்குறிப்புகள் கிடைத்துவிட்டதாக அறிவித்தது. எழுதியவர் கொன்ராட் குயாவ் என்ற போலி ஆவணக்காரர். நோட்டுகளைப் பழசாக்க அவர் பக்கங்களில் தேநீரை ஊற்றியிருந்தார். நிறம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் ஆராய்ந்தபோது, உலகப் போருக்குப் பிறகே புழக்கத்துக்கு வந்த வெண்மையூட்டி அந்தத் தாளில் இருப்பது தெரிந்தது. 1940-க்கு முந்தைய தாளைத் திரையில் வரைகிறவர் தொடங்கவேண்டிய வெள்ளை நீலச் சாய்வு இல்லாத, சற்றே பால் ஏட்டு நிறம். அதன்மேல்தான் பழுப்பு ஏற வேண்டும்.

அடுத்தது சொரசொரப்பு. புதிதாகத் தாள் செய்யப் பழகுகிறவர் முதலில் அழுத்துவது 'நாய்ஸ்' ஃபில்டரை. ஒவ்வொரு பிக்சலும் தன்போக்கில் கூடிக் குறைய, தாள் வருவதற்குப் பதிலாக, சிக்னல் இல்லாத பழைய டிவி வருகிறது. காரணம் அளவு. தாளிழையின் அகலம் 20 முதல் 40 மைக்ரோமீட்டர். நீளம் மர வகைக்கு ஏற்ப 1 முதல் 3 மில்லிமீட்டர். கரூர் மாவட்டம் புகளூர் ஆலையில் செய்வதுபோல் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்தால், ஊசியிலை மரத்து இழையைவிடக் குட்டையான இழை. 300 டிபிஐ படத்தில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி உள்ள படத்தில், ஒரு பிக்சல் சுமார் 85 மைக்ரோமீட்டர். தனி இழையின் அகலம் ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது. கண்ணுக்குப் படுவது இழைக் கொத்துகளின் திட்டுத்திட்டான அமைப்பு. தாளை ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் மேகம்போல் தெரிவது அதுதான். இந்தத் திட்டுகள் சில மில்லிமீட்டர் அகலம் கொண்டவை, அவற்றுக்குள் இன்னும் சிறியவை. பல அளவுகளில் அடுக்கிய ஏற்ற இறக்கம்தான் தேவை, ஒற்றை அளவுத் தூசி அல்ல.

அந்த அடுக்கலுக்கு வழி கண்டவர் கென் பெர்லின். 1982-இல் வந்த 'ட்ரான்' திரைப்படத்தின் கணினிக் காட்சிகளில் பணியாற்றியவர் அவர். கணினி வரைந்த எல்லாமே வழவழவென்று இயந்திரத்தனமாக இருந்தது அவருக்கு உறுத்தியது. பக்கத்துப் புள்ளிகளோடு இழைந்து போகும் ஒழுங்கான தற்செயலை அவர் கணக்கில் உருவாக்கினார். அதையே பெரிதும் சிறிதுமாகப் பல அளவுகளில் கூட்டினால் மேகம், பளிங்கு, மரம், தாள் எல்லாம் கிடைக்கும். 1985-இல் கட்டுரையாக வெளியிட்டார்; 1997-இல் ஆஸ்கர் அகாதெமியின் தொழில்நுட்ப விருது இதற்காகவே கிடைத்தது. போட்டோஷாப்பின் 'கிளவுட்ஸ்', கிம்ப்பின் 'சாலிட் நாய்ஸ்' எல்லாம் இந்த வழிச் சிந்தனையின் வாரிசுகள்.

மேகத்தை வரைந்தாயிற்று, அது இன்னும் நிறம்தான், மேடு ஆகவில்லை. இங்கே கணினி வரைகலை ஆய்வாளர் ஜிம் பிளின் 1978-இல் சொன்ன யோசனை கைகொடுக்கிறது. பரப்பை மெய்யாகவே மேடுபள்ளமாக்க வேண்டாம். ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மட்டும் பொய்யாகச் சொல்லி, அதற்கேற்ப வெளிச்சத்தைக் கணக்கிட்டால் போதும். கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளையை உயரமாகவும் கறுப்பைப் பள்ளமாகவும் எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த பிக்சல்களின் வித்தியாசத்திலிருந்து சரிவைக் கண்டுபிடிப்பார்கள். 'பம்ப் மேப்' என்பதும், 'லைட்டிங் எஃபெக்ட்ஸ்' ஃபில்டரில் டெக்ஸ்ச்சருக்கு ஒரு சானலைத் தேர்ந்தெடுப்பதும் இதுவே. ஒரு நிபந்தனை: தாளின் சொரசொரப்புக்கும், கசங்கலுக்கும், கீழே விழும் நிழலுக்கும் வெளிச்சம் ஒரே திசையிலிருந்து வர வேண்டும். இணையத்தில் கிடைக்கும் நூறு தாள் படங்களில் இது தவறியவற்றை எண்ணினால் கை ஓய்ந்துவிடும்.

கசங்கலில் கொஞ்ச நேரம் நிற்க ஆசை. ஒரு தாளைப் பந்தின்மேல் சுருக்கம் விழாமல் ஒட்ட முடியாது. காரணத்தை 1827-இலேயே கணிதவியலாளர் கார்ல் ஃபிரீட்ரிக் காஸ் நிறுவிவிட்டார். ஒரு பரப்பை நீட்டாமல் சுருக்காமல் எப்படி வளைத்தாலும், அதன் உள்ளார்ந்த வளைவு மாறாது. தட்டையான தாளுக்கு அந்த வளைவு பூச்சியம். எப்போதும் பூச்சியமாகவே இருக்கும். அதனால் தாள் எந்த இடத்திலும் ஒரு திசையில்தான் வளைய முடியும். குழாயாகலாம், கூம்பாகலாம், கிண்ணமாக முடியாது. வலுக்கட்டாயமாக நசுக்கினால் தாள் ஒரு சமரசத்துக்கு வருகிறது. பெரும்பகுதி தட்டையாகவே இருந்துவிடும். இழுவிசையும் வளைவும் சில கூர்மையான புள்ளிகளிலும், அந்தப் புள்ளிகளை இணைக்கும் நேரான வரப்புகளிலும் குவிந்துவிடும். கசக்கிய தாளை விரித்துப் பாருங்கள்: தெரிவது தட்டையான சில்லுகள், நேர்கோட்டு மடிப்புகள், மடிப்புகள் கூடும் முனைகள். அலை இல்லை, வளைகோடு அரிது. பழைய படுக்கை விரிப்புபோல் வழுவழுப்பாக அலையும் கசங்கலைத் தாள் என்று காட்டினால், கண் அதைத் துணி என்று படிப்பது இதனால்தான்.

டிசைனர்களிடையே நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு வித்தை உண்டு. கிரேடியன்ட் கருவியை எடுத்து, அதன் மோடை 'டிஃபரன்ஸ்' என்று வைத்து, கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஒரு கோடு இழுக்க வேண்டும். பிறகு வேறு திசையில் இன்னொன்று. இப்படிக் கண்டபடி பத்துப் பதினைந்து முறை இழுத்துவிட்டு 'எம்பாஸ்' ஃபில்டரைப் போட்டால், அசல் கசங்கிய தாள் எழுந்து வரும். செய்கிறவர்களில் பலருக்கு இது ஏன் பலிக்கிறது என்று தெரியாது. தெரிந்துகொண்டால் அழகாக இருக்கிறது. வெளிச்சத்தை உயரமாகப் பார்த்தால், ஒரு கிரேடியன்ட் என்பது சாய்ந்த ஒரு தளம். 'டிஃபரன்ஸ்' என்பது இரண்டு மதிப்புகளைக் கழித்து, குறை எண் வந்தால் மிகை எண்ணாகத் திருப்பிவிடும் கணக்கு. இரண்டு தளங்களைக் கழித்தால் மூன்றாவது ஒரு தளம்; அதில் பூச்சியத்துக்குக் கீழே போகும் பாதியை மேலே திருப்பினால், பூச்சியக் கோட்டில் ஒரு நேர் மடிப்பு! ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஏற்கனவே மடிந்த தாளை இன்னொரு முறை மடிக்கிறோம். எத்தனை முறை மடித்தாலும் மடிப்புகளுக்கு இடையே இருப்பவை தட்டையான சில்லுகளே. எம்பாஸ் சரிவை அளப்பதால், ஒவ்வொரு சில்லுக்கும் ஒரே சீரான வெளிச்சம் கிடைக்கிறது. காஸ் கேட்டதற்கு மிக நெருக்கமான ஒன்றை, காஸைப் பற்றிக் கேள்விப்படாமலே மவுஸால் இழுத்துவிடுகிறோம்.

முழுக்க நெருக்கம் என்று சொல்ல மாட்டேன். நிஜத் தாளில் ஒரு முனையைச் சுற்றியுள்ள கோணங்களின் கூட்டுத்தொகை எப்போதும் 360 பாகை. கிரேடியன்ட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. சரிவுகள் சிறியவையாக இருக்கும்வரை கண் அதைப் பிடிக்காது. உயரத்தைக் கூட்டினால் தாள் தகரமாகிவிடும். இன்னொன்று, பதினைந்து முறைக்குப் பிறகு மேலும் மேலும் இழுத்துக்கொண்டே போவதில் பயனில்லை. நிஜத் தாளும் அப்படித்தான். ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் ஒரே மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் திரும்பத் திரும்பக் கசக்கி அளந்தபோது, மடிப்புகளின் மொத்த நீளம் மடக்கை வீதத்தில்தான் கூடியது. பழைய மடிப்புகளிலேயே தாள் மறுபடி மடிவதால், புதிய மடிப்புகள் வரவரக் குறைகின்றன.

கசங்கிய தாளில் எழுத்தும் கசங்க வேண்டும். இதற்கு 'டிஸ்பிளேஸ்' ஃபில்டர். அதே கறுப்பு வெள்ளை மேடுபள்ளப் படத்தை வரைபடமாகக் கொடுத்தால், நடுச் சாம்பலான 128-இல் உள்ள பிக்சல் இடம் மாறாது. அதைவிட வெளுத்ததும் கறுத்ததும் எதிரெதிர்ப் பக்கம் நகரும். இரண்டு மூன்று பிக்சல் நகர்வே போதும். கூடவே, வன்மையான மடிப்பின் மேல் மை உதிர்ந்து தாளின் உள்வெள்ளை எட்டிப் பார்க்கும். வண்ண அட்டையில் இது இன்னும் தெளிவு.

கிழிசல் தனிக் கலை. இயந்திரத்தில் செய்த தாளில் இழைகள் பெரும்பாலும் ஓட்டத்தின் திசையில் படுத்திருக்கும். செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் ஏறக்குறைய நேராகப் போகும்; குறுக்கே கிழித்தால் எங்கெங்கோ போகும். ஆகவே ஒரு செய்தித் துணுக்கின் நான்கு ஓரமும் ஒரே மாதிரிச் சிதைந்திருந்தால், அது கையால் கிழித்ததல்ல. நேர்ப்பக்கத்தை ஏறத்தாழ நேராகவும், குறுக்குப் பக்கத்தைத் தாறுமாறாகவும் விடலாம். அந்தத் தாறுமாற்றுக்கு ஃப்ராக்டல் கணக்கே பழைய வழி: ஒரு கோட்டின் நடுப்புள்ளியைக் கொஞ்சம் விலக்கு, கிடைத்த இரண்டு பாதிகளின் நடுவை அதைவிடக் கொஞ்சமாக விலக்கு, தொடர்ந்து போ. கணினியில் மலைகளையே இப்படித்தான் உருவாக்கினார்கள். அடுத்து, கிழியும்போது தாளின் மேற்புறமும் கீழ்ப்புறமும் ஒரே கோட்டில் பிரிவதில்லை. தடிமனுக்குள் சரிவாகப் பிரியும். அதனால் ஒரு துண்டில் வெள்ளை விளிம்பு அகலமாகத் தெரியும்; மற்றத் துண்டில் ஏறக்குறைய இருக்காது. இரண்டு லேயர், இரண்டு வெவ்வேறு ஓரக் கோடுகள், கீழே உள்ளது அச்சில்லாத வெள்ளை, அவ்வளவுதான் வேலை.

நிழலில் சறுக்காதவர்கள் குறைவு. 'டிராப் ஷேடோ' என்ற ஒற்றைப் பொத்தான் தாளின் நாலாபுறமும் ஒரே அளவு மங்கலைத் தரும். தாள் மேசையில் கிடக்காது, மிதக்கும். நிழலின் மங்கல், ஒளி மூலத்தின் அகலத்தையும் தாள் எவ்வளவு தூக்கி நிற்கிறது என்பதையும் பொறுத்தது. வானத்தில் சூரியன் அரைப் பாகை அகலம். தாளின் மூலை 2 சென்டிமீட்டர் தூக்கி இருந்தால் வெயிலில் அதன் நிழல் விளிம்பு 0.2 மில்லிமீட்டர் மங்கும். 300 டிபிஐயில் இரண்டு பிக்சல். அதே தாளை 1.2 மீட்டர் நீள டியூப்லைட்டுக்கு 2.4 மீட்டர் கீழே, மேசைமேல் வையுங்கள். டியூப் ஓடும் திசையில் மங்கல் 1 சென்டிமீட்டர், அதாவது நூறு பிக்சலுக்கு மேல். குறுக்கே, டியூப்பின் தடிமன் ஓர் அங்குலமே என்பதால், மறுபடி அதே இரண்டு பிக்சல். ஆக நம் வீட்டு மேசைமேல் தாளின் நிழல் ஒரு பக்கம் கத்திபோலவும் மறுபக்கம் புகைபோலவும் இருக்கிறது. இதைச் செய்யும் பொத்தான் இல்லை. 'மோஷன் பிளர்' கொண்டு ஒரே திசையில் மங்கலாக்கி, தாள் மேசையைத் தொடும் இடத்தில் கூர்மையான இன்னொரு மெல்லிய நிழலைச் சேர்க்க வேண்டியதுதான். நிழல் லேயரை 'மல்டிப்ளை' மோடில் வைப்பார்கள். கீழே உள்ள மதிப்பை மேலே உள்ளதால் பெருக்கும் கணக்கு அது. நிழல் ஒளியைக் குறைக்குமே தவிர மேசையின் நிறத்தை மூடாது. வெயில் நிழல் என்றால் கொஞ்சம் நீலம் கலக்கலாம், அங்கே வந்து சேர்வது வானத்தின் வெளிச்சம்.

டீக்கறைக்கு ஏன் விளிம்பு கறுத்து நடு வெளுத்திருக்கிறது என்பதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் சகாக்களும் 1997-இல் விளக்கினார்கள். துளியின் விளிம்பு பரப்பைப் பற்றிக்கொண்டு நகராமல் நிற்கிறது. அங்கே நீர் வேகமாக ஆவியாக, அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் விளிம்பை நோக்கி ஓடுகிறது. துகள்களையும் அள்ளிக்கொண்டு போகிறது. திரையில் கறை வரையும்போது தூரிகையால் நடுவை அழுத்தி ஓரத்தை மங்கவிடுவது பழக்கதோஷம். இயற்கை செய்வது தலைகீழ். வெளி விளிம்பு கூர்மையாகவும், உள்நோக்கி மங்கியும் இருக்க வேண்டும். நனைந்த இடம் காய்ந்தபின் லேசாக நெளிந்தும் நிற்கும். ஈரத்தில் இழைகள் நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறாமல், அகலவாக்கில் பருப்பதால் வரும் நெளிவு அது.

அச்செழுத்தின் ஓரத்தில் ஒரு மிகமிக மெல்லிய மங்கல் இருப்பதையும் கவனிக்கலாம். மையில்லாத இடத்தில் நுழையும் ஒளி தாளுக்குள் சிதறி, பக்கத்திலுள்ள மைக்கு அடியில் போய் மாட்டிக்கொள்கிறது. யூல், நீல்சன் என்ற இருவர் 1951-இல் இதைச் சமன்பாடாக்கினார்கள். அச்சுத் தொழிலில் இன்றும் அது பயன்படுகிறது. அரை பிக்சல் 'காஸியன் பிளர்' இதற்குப் போதும்.

இத்தனையும் செய்வதற்குப் பதில் நல்ல தாள் ஒன்றை ஸ்கேன் செய்துவிடலாமே என்று தோன்றும். நியாயம்தான், தொழில்முறை டிசைனர்களில் பெரும்பாலோர் அதைத்தான் செய்கிறார்கள். திரைப்படங்களுக்குக் கடிதமும் பாஸ்போர்ட்டும் தயாரிக்கும் கலைஞர்கள் இன்றும் நிஜத் தாளில் அச்சடித்துத் தேநீரில் முக்குகிறார்கள். ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கமிருந்து சாய்வாக அடிப்பதால், தாளின் சொரசொரப்பு தானாகவே நிழலோடு பதிவாகிவிடுகிறது. தாளைத் திருப்பி வைத்து மறுபடி ஸ்கேன் செய்தால் நிழல்கள் திசைமாறும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் எட்வர்டு ஃபெல்டனின் குழு 2009-இல் இந்த நுணுக்கத்தையே பிடித்துக்கொண்டது. வெற்றுத் தாளைச் சாதாரண ஸ்கேனரில் வெவ்வேறு திசைகளில் வைத்து ஸ்கேன் செய்து, அதன் மேடுபள்ளத்தைக் கணக்கிட்டு, ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கைரேகை எடுத்தார்கள். ஒரே கட்டில் உள்ள இரண்டு தாள்களுக்குக்கூட அது பொருந்துவதில்லை. தாளில் கிறுக்கினாலும், நனைத்து உலர்த்தினாலும் அடையாளம் மாறவில்லை. ஆகவே இலவசமாக இறக்கிக்கொள்ளும் ஒரு பழந்தாள் படத்தின்மேல் ஆயிரம் பேர் ஆயிரம் கடிதங்களைத் தயாரிக்கும்போது, மன்னரின் ஆணையும் காதல் கடிதமும் புதையல் வரைபடமும் எழுதப்படுவது எங்கோ யாரோ ஸ்கேனரில் வைத்த அந்த ஒரே தாளில்தான்.